கட்டி வைத்த இருபது முள்

எத்தனை தடவை சோப்பு போட்டாலும் டீசல் வாசம் போகாத கையோடு திரிந்த நாட்கள் அவை...

எனக்கு போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. மழைக்காலத்தில் போர் போடும் வேலை இருக்காது. வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். நாங்கள் ஏரியில் தூண்டில் போட்டுக்கொண்டு கிடப்போம்.

அந்த வருஷம் தங்கராசு வரவில்லை. ஆறு வருஷம் ஒரே வண்டியில் என்னோடு வேலை பார்த்தவன். துளையில் இறக்கும் ராடை மாட்டும்போது வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. நாலு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

"டீ குடிக்கறப்பக்கூட கைய துண்டுல மூடிக்கறாருங்க. நீங்களாச்சும் எங்கியாவது கூட்டிட்டுப் போங்க" என்றார் அவன் மனைவி. உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு ஏரிக்குப் போலாம் வாடா" என்றேன். என்ன நினைத்தானோ, சரி என்றான்.

ரிக்காரன் புத்தி இருக்கிறதே... வண்டி ஊரைவிட்டு ஆந்திரா பக்கம் கிளம்பினால் எதுவும் இரண்டாக இருக்க வேண்டும். நடுக்காட்டில் ஒரு போல்ட் இல்லையென்றால் மொத்த வேலையும் நின்றுவிடும். அதோடு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. தூண்டில் முள் எங்காவது மாட்டி அறுந்தால் புதிதாகக் கட்ட வேண்டும். அந்தக் கையால் முடியாவிட்டால் இவன் என்னிடம் கேட்க மாட்டான். எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான். அப்புறம் யார் கூப்பிட்டாலும் வர மாட்டான்.

அதனால் உட்கார்ந்து இருபது முள்ளை நைலான் நரம்பில் கட்டி, அட்டையில் வரிசையாகச் சுற்றி வைத்தேன். அது போக நாலு தூண்டில், மூன்று டப்பா மண்புழு, ஒரு பை நிறைய தக்கையும் ஈயமும். டிவிஎஸ் 50 வீடு காலி செய்கிற வண்டி மாதிரி நின்றது.

காலையில் தங்கராசு வந்து பார்த்தான். அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏன்டா, நாம என்ன ஆந்திராவுக்கா போறோம்?"

"இருக்கட்டும்டா... அறுந்து போச்சுன்னா..."

"அறுந்தா நாங் கட்டிக்குவேன். எறக்கி வைடா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்லது செய்வதாக நினைத்து, அவன் கையை இருபது தடவை சுட்டிக்காட்டியிருக்கிறேன்.

ஆளுக்கொரு தூண்டில், ஒரு டப்பா புழு, கட்டாத முள் ஒரு பொட்டலம். அவ்வளவுதான் எடுத்துக்கொண்டு போனோம்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை... கருவேல வேரில் மாட்டி அவன் முள்தான் முதலில் அறுந்தது.

துண்டை விலக்கினான். நரம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்ட ஆரம்பித்தான். மூன்று தடவை நழுவியது. என் கை தானாக நீண்டது. பின்னால் இழுத்துக்கொண்டு என் தக்கையையே பார்த்தேன். அசையாத தக்கையை அத்தனை கவனமாக நான் என்றைக்கும் பார்த்ததில்லை.

"ம்... ஆச்சு" என்றான்.

இரண்டு ஜிலேபி மீன்தான் கிடைத்தது. நாரில் கோத்து, வலது கையில் தூக்கிப் பிடித்தபடி தெருவில் நடந்து போனான். துண்டு தோளில் கிடந்தது.

இப்போது என்னிடம் ரீல் வைத்த தூண்டில் இருக்கிறது, அறை அறையாகப் பிரித்த பெட்டி இருக்கிறது, கார் டிக்கி நிறைய சாமான். கண்ணாடி போட்டும், நரம்பு கோக்கிற முள்ளின் காதுதான் தெரிவதில்லை. தங்கராசிடம் நீட்டுகிறேன். பல்லில் கடித்துக் கட்டிக் கொடுக்கிறான்.

கட்டிய முள்ளே பாக்கெட் பாக்கெட்டாகக் கடையில் கிடைக்கிறது. நான் வாங்குவதில்லை.