ஒன்பதாவது கதையின் கடைசிப் பக்கம்

ஒரு கதையை நான் படிக்காமலே கொன்றிருக்கிறேன். அதை எழுதியவள் அப்போது எனக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதியது அவள்தான் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தது தப்பாகாது என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும்.

மைசூரில் ஓர் ஊதுபத்தி கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு வேலை. அந்த அறையில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர் இருந்தோம். நான், ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கியிருந்த டிஸ்பாட்ச் சார், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண். மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். சாப்பாட்டோடு சேர்த்து எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இப்போது நினைத்தால் பழக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை, வியாதி என்றுதான் வருகிறது.

மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் பழைய புத்தகக் கடை ஒன்று உண்டு. ஸ்கூட்டரை நிறுத்த இடம் கிடைக்காது, ஆட்டோக்காரர்கள் திட்டுவார்கள், ஆனாலும் மாதம் ஒருமுறை போய்விடுவேன். அங்கே செங்கல் கனத்தில் ஆங்கிலக் கதைத் தொகுப்புகள் கிடைக்கும். மாயாஜாலக் கதைகள், அறிவியல் கதைகள். ஒரு தொகுப்புக்கு ஒரே கரு. டிராகன் என்றால் இருபது கதையிலும் டிராகன். காலப் பயணம் என்றால் இருபது பேரும் சொல்லிவைத்த மாதிரி தங்கள் தாத்தாவைக் கொல்லப் புறப்படுவார்கள். ரோபோ என்றால் ஆறாவது கதைக்குள் ஒரு ரோபோவாவது அழுதுவிடும். ஒவ்வொன்றும் ஒரு ரத்தினம் என்று தொகுத்தவர் முன்னுரையில் சத்தியம் செய்வார். இருபதில் மூன்று தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் பந்தியில் இலை காலியாக இருக்கக் கூடாதே என்று வைத்த அப்பளம்.

இந்த அலுப்பிலிருந்துதான் எங்கள் விளையாட்டு வந்தது. ஒருவர் ஒரு கதையின் முதல் பக்கத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றவர்கள் கதையின் முடிவைச் சொல்ல வேண்டும். படித்தவர் உடனே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். தப்பு என்றால் அந்தக் கதைக்கு மரியாதை. யாராவது வீட்டுக்கு எடுத்துப்போய் முழுதாகப் படிப்போம். சரி என்றால் சார், "ஆயித்து!" என்பார். கன்னடத்தில் முடிந்துபோயிற்று என்று அர்த்தம். பொருளடக்கத்தில் அந்தக் கதைமேல் பென்சிலால் ஒரு கோடு விழும். அப்புறம் அதை யாரும் சீண்ட மாட்டோம்.

முடிவு சொல்வதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். தொகுப்பு என்பது ஒரே பானை இல்லை, இருபது வீட்டில் இருபது அடுப்பில் வெந்த சோறு என்பது அந்த மண்டையில் ஏறவே இல்லை.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் நிச்சயம் செய்த கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மைசூருக்கு வேலைக்கு வந்தவள். அன்றிலிருந்து அவள் அம்மா அவளோடு பேசவில்லை. போன் அடித்தால் எடுக்க மாட்டாள். ஊர்ச் செய்தி எல்லாம் தம்பி வழியாகத்தான். இதை ஒரு நாள் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள், பஸ் லேட் என்று சொல்வதைப் போல.

வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் அவள் படித்தது எல்லாம் கன்னட மீடியம். தம்பியும் அப்படித்தான். அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. தமிழ் எழுத்தை அவளாகக் கற்றுக்கொண்டாள். முதலில் தமிழ்நாட்டு பஸ்களின் போர்டு, பிறகு பலசரக்கு சுற்றிவந்த காகிதம், பிறகு செல்போன். "எங்க சனத்துல தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தருமில்லீங்க அக்கா. இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு நீங்களும் சாரும்தானுங்க" என்று ஒரு தடவை சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவளே ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். தமிழ்ப் புத்தகம், புத்தம் புதியது, தபாலில் வந்தது. சின்னப் பதிப்பகம். அட்டையில் ஒரு கோளும் ஒரு குடிசையும். பதிமூன்று அறிவியல் கதைகள், எல்லாவற்றுக்கும் ஒரே கரு, தொலைவு. எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கிலீஷ்காரனைப் பார்த்து நம் ஆட்களும் கிளம்பிவிட்டார்களா என்றேன். அவளும் சிரித்தாள். அவளே படிப்பதாகச் சொன்னாள். முதல் கதை, இரண்டாவது கதை என்று வரிசையாகப் போகாமல் நேராக ஒன்பதாவது கதையை எடுத்தாள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. இவ்வளவு கதை படித்தவளுக்கு எதிரே இருக்கும் முகம் படிக்கத் தெரியவில்லை.

படித்தாள். ஒரு பெண் ஏதோ ஒரு தூரத்துக் கோளைச் சுற்றும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து பூமிக்குச் செய்தி போய்ச் சேர ஏழு மாதம் ஆகும். மாதம் தவறாமல் அம்மாவுக்குக் கடிதம் அனுப்புகிறாள். ராகி அறுத்தாச்சா, மாடு கன்று போட்டதா என்று கேட்கிறாள். வருஷங்கள் போகின்றன. பதில் வரவில்லை. முதல் பக்கம் அவ்வளவுதான்.

நான் மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே சொன்னேன்: "அம்மா என்னைக்கோ செத்தாச்சு. இவ பாட்டுக்கு லெட்டர் போட்டுட்டே இருக்கா. கடைசிப் பக்கத்துல யாரோ வந்து சொல்லுவாங்க, இவ ஜன்னல் வழியா பூமியைப் பார்த்துக் கண்ணைக் கசக்குவா. நமக்கும் ஒரு சொட்டு வரணும்னு எழுதினது. எத்தனை அம்மாவைத்தான் சாகடிப்பாங்களோ இந்தக் கதைக்காரங்க!"

சாருக்குப் புரையேறிவிட்டது, அவ்வளவு சிரிப்பு. "அய்யோ ராமா, மேடம், மத்தெ, மறுபடியும் செத்த அம்மாவா! போன வாரம்தானே ஒருத்தி செத்தா!" என்றார்.

அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஒரு வரி பார்க்க வேண்டிய நேரத்துக்கு அதிகமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "ஆமாங்க அக்கா. அதேதானுங்க" என்றாள்.

"ஆயித்து!" என்றார் சார். பொருளடக்கத்தில் கோடு போட்டது நான். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அன்று நான் பேசியது அதைவிடக் கேவலம்.

புத்தகத்தை அவள் திரும்பக் கேட்கவில்லை. அது என் மேஜை டிராயரிலேயே கிடந்தது. மூன்று நான்கு மாதம் கழித்து வேலையை விட்டாள். கல்யாணம் என்றாள். மாப்பிள்ளைக்குச் சாமராஜநகரில் விதைக் கடை. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். நாங்கள் ஒரு புடவை வாங்கிக் கொடுத்தோம். மறு வருஷம் சாரும் ஓய்வு பெற்றுப் போனார். விளையாட்டு தானாக நின்றது.

பிறகு ஆபீஸைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். டிராயரைக் காலி செய்யும்போது புத்தகம் கையில் வந்தது. ஊதுபத்தி வாசம் ஏறியிருந்தது. தூக்கிப் போடத்தான் போனேன். அதற்கு முன்னால் பின் பக்கங்களைப் புரட்டினேன். கதாசிரியர்களைப் பற்றிய குறிப்புகள். இத்தனை வருஷத்தில் எந்தத் தொகுப்பிலும் அந்தப் பக்கங்களை நாங்கள் படித்ததில்லை. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போதும் என்றிருந்தவர்களுக்கு எழுதினவர் எதற்கு? ஒன்பதாவது பெயருக்கு எதிரே இரண்டே வரி இருந்தது. ஹனூர் அருகே பிறந்தவர். மைசூரில் ஓர் ஊதுபத்தி நிறுவனத்தில் பணி. இது முதல் கதை. அம்மாவின் பெயரைப் புனைபெயராகக் கொண்டவர்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படித்தேன். மொத்தம் பதினொரு பக்கம்.

அம்மா சாகவில்லை. கடைசியில் பூமியிலிருந்து ஒரு கப்பல் வருகிறது. அதில் வேலைக்கு வந்தவன் அதே ஊர்க்காரன். இவள் பயந்து பயந்து அம்மாவைப் பற்றிக் கேட்கிறாள். நல்லா இருக்காங்களே என்கிறான் அவன். கடிதங்கள் எல்லாம் வந்தன, பக்கத்து வீட்டில் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாள், பதில் போட மட்டும் அவளுக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான். அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, இவள் அடுத்த கடிதத்தை எழுத உட்காருகிறாள். ராகி அறுத்தாச்சா?

நான் எத்தனையோ நூறு கதைகளுக்கு முடிவு சொல்லியிருக்கிறேன். நூறு வருஷம் யோசித்திருந்தாலும் இந்த முடிவு எனக்குத் தோன்றியிருக்காது. இரண்டாவது தடவை படித்தபோது வெட்கத்தில் காது சுட்டது. உயிரோடு இருக்கும் ஒருத்தியின் அம்மாவை, அவள் எதிரிலேயே, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு சாகடித்திருக்கிறேன். தப்பு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், விளையாட்டின் விதிப்படியே நான் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்திருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று அவள்மேல் கோபம்கூட வந்தது. செய்தவள் நான், கோபம் அவள்மேல். புத்தி அப்படித்தான் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போன் செய்துவிட்டு, பஸ் ஏறிச் சாமராஜநகர் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டேன். கடைக்குப் பின்னால் வீடு. அவள் கணவர் வணக்கம் சொல்லிவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போனார். அவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். காபி கொடுத்தாள். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், தொடவில்லை.

"முழுசாப் படிச்சீங்களா அக்கா?"

"படிச்சேன். ரெண்டு தடவை."

"எப்படி இருந்துச்சுங்க?"

பஸ்ஸில் தயார் செய்த எதுவும் வரவில்லை. "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றேன். ஊர்ப்பட்ட கதைகளை வாய் கிழியப் பேசினவளுக்கு ஒரு நல்ல கதைக்கு அவ்வளவுதான் வார்த்தை இருந்தது.

"ஏன் அன்னைக்கு நான் சொன்னது சரின்னு சொன்னே?"

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சீங்களா, எனக்கே நீங்க சொன்னதுதான் முடிவு மாதிரி தெரிஞ்சுதுங்க. செத்துட்டாங்கன்னா பதில் வரலையேன்னு மனசு ஆறிடுமில்லீங்க? உசுரோட இருந்துட்டுப் பேசலைன்னு எழுதினா அதென்ன முடிவுன்னு கேப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

அவளே தொடர்ந்தாள். "உங்களுக்குப் பிடிச்சிருந்தா ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேனுங்க அக்கா. நான் போன் பண்ணினா அம்மா எடுக்க மாட்டாங்க. பெரியவங்க நீங்க பேசினா எடுப்பாங்க. அந்தக் கதையைப் போன்ல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லலாம்னு. அதுக்குத்தானுங்க தமிழ்ல எழுதினதே."

"இப்பப் படிக்கறேன். நம்பர் குடு" என்றேன். குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

"எதுக்குங்க? இப்ப அம்மா தெனம் பேசறாங்களே" என்றாள். சிரித்தாள். "அவங்க சொன்ன எடத்துல கட்டிக்கிட்டேனில்லீங்க."

வேறு ஏதாவது எழுதுகிறாயா என்று கேட்டேன். இல்லீங்க என்றாள். மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவள் சொன்னபடியே அம்மாவின் போன் வந்தது. சாப்பிட்டேன், கடையில் கூட்டமில்லை, பழைய ஆபீஸ் அக்கா வந்திருக்காங்க என்று பேசினாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "உங்ககிட்டப் பேசோணுமாம்."

கணீரென்ற குரல். அறுபது வயது மதிக்கலாம். "நீதான் அந்த அக்காவா கண்ணு? புள்ள சொல்லுச்சு. அந்த ஆபீஸ்ல நீதான் நல்ல புத்தி சொல்லி, பெத்தவ மனசு நோகாம கட்டிக்கோன்னு அனுப்பி வெச்சியாம். நான் பேசாமக் கெடந்து சாதிக்க முடியாததை நீ ஒரு வார்த்தையில சாதிச்சுப்போட்டே."

மைசூர்பாகு கொடுத்த அன்று அப்படி ஏதோ சொல்லியிருப்பேன். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வதுதான். அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டிருந்தது. எதிரே அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளகுட்டியோட நல்லா இருக்கோணுங் கண்ணு" என்றாள் அந்த அம்மா.

"சரிங்கம்மா" என்றேன்.