ருசி பார்க்காத போத்தல்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் பவுனம்மாள் அக்கா. அப்பா அம்மா போனபின் தம்பி நாகையாவை வளர்த்தவர் அவர்தான். நாகையா ஓட்டக்காரன். காலுக்குச் சப்பாத்து இல்லாத காலத்திலேயே நாலைந்து மைல் தள்ளியிருக்கும் செராஸ் வரை ஓடித் திரும்புவான்.

ஓட்டக்காரர்கள் குடிக்கும் கடைப் பானம் அக்காவுக்கும் தம்பிக்கும் கட்டுப்படியாகாது. அக்காவே கலப்பார். ஆறவைத்த தண்ணீர், சீனி, எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி கல்லுப்பு. கடைசியில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைப்பார். "கண்ணீரவிட கரிக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு" என்பார்.

எழுபத்தொன்பதில், தைப்பூசத்துக்கு முந்திய ஞாயிறு, கிள்ளானில் பத்து மைல் ஓட்டம். முதல் மூன்று பேருக்குள் வந்தால் நிரந்தர வேலை என்று ஒரு தொழிற்சாலை மேனேஜர் சொல்லியிருந்தார். நாகையா அப்போது தினக்கூலி. அந்த வேலைக்காக அக்கா முருகனுக்கு நேர்ந்துகொண்டார்: பூசம் வரை உப்பு நாக்கில் படாது.

அன்று விடிகாலை கல்லுப்பு தீர்ந்திருந்தது. எங்கள் வீட்டுத் தூள் உப்பை நான்தான் கொடுத்தேன். அதே கரண்டியில் குவித்துப் போட்டார். தூள் உப்பு கரண்டியில் நெருங்கி நிற்கும், கரிப்பும் கூடும். அது எங்களுக்குத் தோன்றவில்லை.

"ருசி பாத்தியாக்கா?" என்று கேட்டேன்.

"எப்படிப் பாக்கறது? விரதம் லா."

நானாவது பார்த்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மூடியை இறுக்கிவிட்டேன்.

ஆறாவது மைலில் நாகையா இரண்டாவதாக வந்தான். அக்கா நீட்டிய போத்தலை வாங்கி, ஓடிக்கொண்டே மடமடவென்று பாதிக்குமேல் குடித்தான். முகம் கோணியது. "என்னக்கா இது, கடல் தண்ணியா?"

நான்கு மின்கம்பம் தாண்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். எழுந்து ஓடினான், பாவம். பன்னிரண்டாவது.

மேனேஜர் சிரித்தார். "என்ன பாஸ், காலையிலேயே கறிச்சோறா? அடுத்த வருசம் பாப்போம் லா."

அடுத்த வருடம் அந்தப் போட்டியே நடக்கவில்லை. நாகையா பந்திங்கில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வேலைக்குப் போனான்.

அக்கா பூசம் வரை உப்பில்லாமலே சாப்பிட்டார். "வேலைதான் போயிருச்சே, இன்னும் எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"சாமிகிட்ட சொன்னது சொன்னதுதானே."

நாகையா ஒருநாளும் அக்காவைக் குறை சொன்னதில்லை. ஆனால் லீவில் வரும்போது அவர் தரும் தேத்தண்ணியைக்கூட முதலில் நுனி நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்.