கந்தம்மாள் கேட்ட குழி

சேலத்துப் பக்கம் இளம்பிள்ளை ஊர்க் கந்தம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. அதில் முப்பது வருடம் முழங்காலுக்குக் கீழே தரைக்கு அடியில் கழிந்தது. பயப்பட வேண்டாம். குழித்தறி நெய்கிறவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான்: தோண்டிய குழிக்குள் கால் மிதிக்கும், மேலே கை பட்டுச்சேலை நெய்யும். அவர் நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பேர் மணமேடை ஏறியாயிற்று. அவர் வீட்டு ஓடு மட்டும் ஐப்பசிக்கு ஐப்பசி ஒழுகி, தறியில் ஏற்றிய பாவு நூலை நனைத்தது.

புது வீடு கட்டப் பழையதை இடித்தார்கள். மேஸ்திரி தீர்த்தகிரியிடமே விட்டுவிடலாம் என்றார் கணவர் குழந்தைவேல். மகன் கௌதமன் ஒப்பவில்லை. செல்போனில் அடுத்தவர் வீடுகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. சேலத்திலிருந்து ஆர்க்கிடெக்ட் ஆனந்தகுமாரைக் கூட்டி வந்தான்.

"அம்மா, உங்க கனவு வீடு எப்படி இருக்கணும்?" என்று கேட்டார் ஆர்க்கிடெக்ட். ஐந்து வருடம் படித்தால்தான் இப்படிக் கேட்க வரும்.

"கனவெல்லாம் எதுக்குங்க? நடு ஊட்டுல ஒரு குழி வேணுங்க. வடக்கால ஜன்னல் வெச்சு, வெளிச்சம் குழி மேல உழுகோணும். அவ்வளவுதானுங்க."

"சூப்பர்ம்மா! இப்படிக் கேக்கற கஸ்டமரையே நான் பாத்ததில்ல!"

கந்தம்மாளுக்கும் பெருமைதான். தறி என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இளம்பிள்ளையில் குழி என்றால் வேறென்ன?

மனையில் அஸ்திவாரக் கோடு போடுவதற்கு முந்தின நாள்தான் படம் வந்தது. லேப்டாப்பில் வீடு பம்பரமாய்ச் சுழன்றது. நடுவில் குழி இருந்தது. பத்துக்குப் பத்து. மூன்று படி இறங்கினால் சுற்றிலும் மெத்தை. மெத்தையில் ஒரு வெள்ளைக்காரி காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ ஆருங்க?"

"சும்மா, அளவு தெரியறதுக்கு வெச்ச பொம்மைம்மா."

"என்ர குழியில அவளுக்கு என்னங்க வேலை? எந்திரிக்கச் சொல்லுங்க. தறி எங்க?"

"தறியா?" ஆனந்தகுமார் கௌதமனைப் பார்த்தார். "தறி வேண்டாம்னு தம்பிதானே சொன்னாரு? நீங்க கேட்ட குழி, உக்காந்து பேசறதுக்குன்னு..."

கௌதமன் தரையைப் பார்த்தான். "ஊட்டுக்குள்ளார தறி இருந்தா ஆரும்மா பொண்ணு குடுப்பாங்க? பின்னாடி தகரக் கொட்டாய் போட்டுக்கலாம்."

இன்னும் வராத மருமகளுக்கு மெத்தை. முப்பது வருடம் மிதித்தவருக்குத் தகரம். அதுவும் ஏழடி உயரத் தகரம். தறிக்கு மேலே, சேலையில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி ஏறினால் தறியே பன்னிரண்டடி உயரம் வரும். கொட்டகையில் சேலை நெய்ய முடியாது, கைக்குட்டை நெய்யலாம்.

"உனக்குப் பொண்ணு கெடைக்கலீன்னா அதுக்குத் தறி காரணமில்ல சாமி, உன்ர மூஞ்சி! உன்னையப் படிக்க வெச்சது அந்தக் குழிடா. நீ போட்டிருக்கற பேண்ட்டு அந்தக் குழிடா!"

"கோவப்படாத கந்தம்மா, படிச்சவங்க படம் போட்டிருக்கறாங்க..." என்று குழந்தைவேல் இழுத்தார்.

"நீங்க சித்த அக்கட்டால போங்க."

போனார். அந்தக் குடும்பத்தில் படம் பார்க்காமலே இடம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை தீர்த்தகிரி கோடு போடச் சுண்ணாம்போடு வந்தபோது, வெறும் மனையின் நடுவில் கந்தம்மாள் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி வாங்கப் போனார், கொடுக்கவில்லை. முழங்கால் ஆழம் வந்ததும் காலை உள்ளே விட்டு உட்கார்ந்தார். இல்லாத மிதிகட்டையை இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார்.

பளபளக்கும் ஷூவோடு ஆனந்தகுமார் வந்து நின்றார்.

"இப்ப அளந்துக்குங்க சார். இதைச் சுத்தி ஊட்டைக் கட்டுங்க. இந்த எடத்துல மேல பதிமூணடி வேணும். பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தா என்னையத் தாண்டித்தான் உள்ளார போகோணும்."

ஆனந்தகுமார் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டேப்பை எடுத்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. கௌதமன் அசையவில்லை.

"வந்து புடிடா" என்றார் கந்தம்மாள். குழியை விட்டு எழவில்லை.