கதவைத் திற என்று நான் சொன்ன மத்தியானம்

எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, நிமிர்ந்து நின்றுதான் சொல்லுகிறேன். மொன்றியலுக்கு வந்து கோப்பை கழுவினேன். டோர்வல் விமான நிலையத்தில் நிலம் துடைத்தேன். பிறகு கோட்-டெ-நெய்ஜில் ஒரு மூலைக்கடை வாங்கினேன். டெப்பனர் என்று இங்கே சொல்லுகிற கடை. அதற்கு மேலே இருந்த வீடுகளையும் சேர்த்து வாங்கியபோது, இவனுக்கு எழுத்துக்கூட்டவாவது தெரியுமோ என்று முன்பு கேட்டவர்களே என்னிடம் வாடகைக்கு வீடு கேட்டு வந்தார்கள். கொடுத்தேன். பிரெஞ்சும் ஆங்கிலமும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றே படித்தேன். எந்தச் சிக்கல் வந்தாலும் என் மூளை ஒரு வழி சொல்லும், அதன்படி நடப்பேன், அது சரியாக வரும். ஒரேயொரு தடவை மூளை சொன்னதற்கு எதிராக நடந்தேன். அதுவும் சரியாகத்தான் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஊரில் சண்டை மறுபடி மூண்ட காலம். என் கடைசித் தங்கச்சி, அவளுடைய கணவன், நடக்கத் தொடங்கியிருந்த ஒரு பெண்பிள்ளை, மூவரும் வெளிக்கிட்டு வந்தார்கள். கூட்டிவந்த ஏஜென்ட் இந்தோனேசியாவில் அவர்களை இறக்கிவிட்டு, நாளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவேயில்லை. லொறி ஓட்டுகிற ஒரு மனிதன் இரக்கப்பட்டு, சுமத்ராவின் தெற்கில் தன் தாய் இருந்து செத்த வீட்டில் அவர்களைக் குடியிருத்தினான். ஊர்ப்பெரியவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத் தன் லொறியோடு போய்விட்டான். நான் இங்கே வழக்கறிஞர் வைத்து அவர்களை எடுப்பிக்க ஓடித்திரிந்தேன். அதுவரை அவர்கள் பொலிஸ் கண்ணில் படாமல் அந்த ஊரிலேயே இருக்கவேண்டும். பட்டால் நேரே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மச்சானைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்த ஊரை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் தங்கச்சி தொலைபேசியில் சொல்லிச் சொல்லி, கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் என்கிற அளவுக்கு எனக்குப் பழக்கமாகிவிட்டது. றப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மண்பாதை, இரண்டு பக்கமும் பலகை வீடுகள், நடுவில் ஒரு பள்ளிவாசல், ஒரு சில்லறைக் கடை. அவளுக்கு முதலில் விளங்காதது வேலி. "வேலியே இல்லாத ஊர் அண்ணா," என்றாள். எங்களுடைய ஊரில் ஒரு வேலிக் கதியாலை அரையடி தள்ளி நட்டாலே தலைமுறைக்கும் வழக்கு. இங்கே இவர் முற்றத்தில் அவர் கோழி மேய்கிறது, யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தச் சனத்தின் சொத்து மாடுதான். பிள்ளைக்குக் கல்யாணமென்றால் மாட்டை விற்பார்கள், நோய் வருத்தமென்றாலும் மாட்டை விற்பார்கள். வேலியும் இல்லாமல், குரைக்க நாயும் இல்லாமல், மாட்டை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டேன். சந்தியில் ஒரு கொட்டில் இருக்கிறது, ஆம்பிளைகள் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள், கொட்டிலில் குடைந்த மரக்கட்டை ஒன்று தொங்குகிறது, அதில் ஏதோ தட்டுவார்கள் என்றாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு மாடு களவுபோகத் தொடங்கியது. ஒன்று போனது, இன்னொன்று போனது. கடைக்காரி முன்பெல்லாம் தங்கச்சிக்கு ஒரு பிடி மிளகாய் சும்மா போட்டுக் கொடுப்பாளாம். இப்போது முகம் பார்க்காமல் சாமானைத் தள்ளிவிடுகிறாளாம். இந்தக் கறுத்த மனிதர்கள் வந்த பிறகுதானே இது நடக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள் என்பது, பாஷை தெரியாமலே அவளுக்கு விளங்கிவிட்டது. மச்சான் வெளியே இறங்குவதை விட்டுவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம். வெளியே பனி கரைந்து சேறாகக் கிடந்தது. கடையில் ஒரு கிழவர் நின்றார், தினமும் வந்து பியர் எடுத்துக்கொண்டு லொத்தர் சீட்டுச் சுரண்டுகிற இந்த ஊர் வெள்ளைக்காரர். தொலைபேசி அடித்தது. இங்கே மத்தியானமென்றால் அங்கே நடுச்சாமம். அந்த நேரத்தில் தங்கச்சி எடுக்கமாட்டாள். எடுத்தவள் பேசாமல் மூச்சு மட்டும் விட்டாள். அந்த மூச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மரத்தில் மரம் மோதுகிற சத்தம், இடைவெளியே இல்லாமல்.

"ஆரோ அடிச்சுக்கொண்டே இருக்கிறாங்கள் அண்ணா. சனமெல்லாம் ஓடுது. எங்கட வீட்டுப் பக்கம் டோர்ச் வெளிச்சம் வருது."

மூவரும் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறார்களாம். விளக்கை அணைத்துவிட்டார்களாம். பிள்ளையின் வாயை மச்சான் பொத்தி வைத்திருக்கிறாராம். நல்லது என்றேன். அசையாதே, லைற் போடாதே, கதவுப் பக்கம் போகாதே என்றேன். எங்கள் சனத்துக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இருட்டில் சத்தம் கேட்டால் விளக்கை ஊதி நூத்துவிட்டு நிலத்தோடு நிலமாகக் கிடப்பது எங்களுக்குப் பாலோடு வந்த பழக்கம். அதனால்தான் உயிரோடு இருக்கிறோம்.

பிறகுதான் மேல்வீட்டுப் பிள்ளையின் நினைவு வந்தது. என் வீட்டில் வாடகைக்கு இருந்த இந்தோனேசியப் பிள்ளை அவள். கணவன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், அவள் வீட்டில் இருக்கிறாள். கிராமத்தில் பிறந்தவள் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். கிழவரிடம், கடையைப் பாரும் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, தொலைபேசியைக் காதோடு பிடித்தபடி படியில் ஏறினேன். அந்த வயதில் அப்படி ஏறியது நான்தானா என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

அவள் எதையோ பொரித்துக்கொண்டிருந்தாள். என் தங்கச்சி, உங்கள் நாட்டில், ஒரு கிராமத்தில் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். வேறொன்றும் கேட்காமல் தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தாள். கொஞ்சநேரம் அந்த மரச் சத்தத்தைக் கேட்டாள். அடுப்பை அணைத்தாள். பிறகு என்னிடம், வீட்டில் விளக்கு எரிகிறதா என்று கேட்டாள். இல்லை, அணைத்துப்போட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன், கெட்டித்தனமாக ஏதோ செய்தவன் போல. அவளுடைய முகம் மாறியது.

அவள் சொன்னதை நான் சுருக்கிச் சொல்லுகிறேன். அந்தக் கட்டையில் ஆற அமர ஒவ்வொன்றாக அடித்தால் ஊர் சுகமாக இருக்கிறது, தூங்குங்கள் என்று பொருள். இப்படி விடாமல் அடித்தால் கள்ளன் வந்துவிட்டான், எல்லாரும் வெளியே வாருங்கள் என்று பொருள். எல்லாரும் என்றால் எல்லாரும்தான். கிழவன், கைக்குழந்தைக்காரி, யாராக இருந்தாலும் விளக்கைப் போட்டு வாசலில் நிற்கவேண்டும். கதவு திறக்காத வீடு எது என்று பார்ப்பார்கள். விளக்கும் இல்லாமல் கதவும் திறக்காமல் ஒரு வீடு இருந்தால், கள்ளன் அங்கேதான் இருக்கிறான். "பாக்," என்றாள். அவர்கள் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அவர்களை வெளியே வரச் சொல்லுங்கள். இப்போதே. உடைத்து உள்ளே போனார்களென்றால் கேட்கமாட்டார்கள்."

 எனக்கு ஒரு தம்பி இருந்தான். எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் பிறந்தவன். ஒருநாள் இரவு கதவில் தட்டினார்கள். நல்ல மாதிரியாகத்தான் தட்டினார்கள். அவன் போய்த் திறந்தான். அதோடு சரி. அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவள் தங்கச்சி. அவளிடம் நான் இப்போது என்ன சொல்ல?

தொலைபேசியை வாங்கினேன். இப்போது கட்டைச் சத்தத்தோடு மனிதக் குரல்களும் கேட்டன, கிட்டத்தில். பலகையில் யாரோ கையால் அடிக்கிறார்கள்.

"முதல் லைற்றைப் போடு. பேந்து கதவைத் திற," என்றேன்.

"அண்ணா?"

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ முன்னால போ. மச்சான் பின்னால வரட்டும். ரெண்டு பேற்ற கையிலயும் வேற ஒண்டும் இருக்கக்கூடாது. போனை மட்டும் வைச்சிரு."

 அவள் மெதுவாகக் கேட்டாள். "சின்னண்ணாவும் திறந்துதானே போனவர்?"

 அதற்குள் மச்சான் தொலைபேசியைப் பறித்தார். அந்த மனிதர் என்னோடு ஒருநாளும் குரல் உயர்த்திக் கதைத்ததில்லை. "அத்தான், கனடாவில நிண்டுகொண்டு நீங்கள் சொல்லலாம். வெட்டு வாங்கப்போறது நாங்கள்."

"ஓம். கனடாவில நிண்டுதான் சொல்லுறன். திற."

கொஞ்சநேரம் எனக்குக் கட்டைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு சுவிச்சு, தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிள்ளை வீரிட்டு அழுதாள். ஒரு கூட்டமே ஒன்றாகக் கத்தியது. மேல்வீட்டுப் பிள்ளை என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கித் தன் பாஷையில் உரத்துக் கூப்பிட்டாள். தங்கச்சி புத்திசாலி, என் தங்கச்சியல்லவா, போனைக் கூட்டத்தின் முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறாள். போனுக்குள்ளேயிருந்து ஒரு பெண்குரல் தங்கள் பாஷையில் கத்துவதைக் கேட்டதும் அவர்கள் திகைத்து நின்றார்களாம். ஒரு வயதான ஆண்குரல் பதில் சொன்னது. அவர்தான் ஊர்ப்பெரியவர்.

அவள் பேசினாள். முதலில் கெஞ்சுகிற மாதிரி, பிறகு விளக்குகிற மாதிரி. இவர்களுடைய ஊரில் சத்தம் கேட்டால் விளக்கை அணைப்பார்கள், கதவைத் திறந்தவன் செத்துப்போவான், அந்தப் பயத்தில் கிடந்தார்கள் என்று சொன்னதாகப் பிறகு எனக்குச் சொன்னாள். தம்பியின் கதையை எப்போதோ அவளிடம் சொல்லியிருந்தேன். ஊர்ப்பெரியவர் எதையோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார்."

நான்தான் என்றேன். தமையன், மொன்றியலில் கடையும் கட்டடமும் வைத்திருக்கிறவன், வழக்கறிஞர் வைத்திருக்கிறவன் என்று எல்லாம் சொல்லச் சொன்னேன். அவள் ஒரேயொரு சொல்தான் சொன்னாள். மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டேன். தமையன் என்றால் போதும், கட்டடத்தைச் சொன்னால் நாளைக்கு அங்கே வேறு கள்ளன் வருவான் என்றாள். அந்த நேரத்திலும் அவளுடைய மூளை வேலை செய்தது. நல்ல வாடகைக்காரரைத் தெரிந்தெடுக்க எனக்குத் தெரியும்.

அதோடு முடியவில்லை. ஊர்ப்பெரியவர் இன்னொன்று சொன்னார். கட்டை அடித்தால் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை தேடப் போகவேண்டும். இந்த வீட்டு ஆம்பிளையும் வரட்டும். இப்போதே.

தங்கச்சி அழத் தொடங்கினாள். கத்தியும் தடியும் வைத்திருக்கிற, பாஷை தெரியாத ஆம்பிளைகளோடு றப்பர் காட்டுக்குள், அந்த இருட்டில். கூட்டிக்கொண்டு போய் அங்கே வைத்து முடித்துவிட்டால்? மேல்வீட்டுப் பிள்ளையிடம், போகாவிட்டால் என்ன என்று கேட்டேன். போனால் ஊர்க்காரன், போகாவிட்டால் கள்ளன் என்றாள். போனால் திரும்பி வருவானா என்று கேட்டேன்.  வருவார் என்று நினைக்கிறேன் என்றாள். நினைக்கிறேன் என்கிற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு மனிதனை அனுப்பினேன். போ மச்சான் என்று மட்டும் சொன்னேன். அவர் போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு போனார்.

கடைக்கு இறங்கி வந்தேன். கிழவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று யாருக்கோ பால் விற்றுக்கொண்டிருந்தார். சரியாகத்தான் விற்றிருந்தார். நான் பாண் அடுக்கினேன், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். தங்கச்சியிடமிருந்து அழைப்பு வரவில்லை. நான் எடுத்தால் அவள் மனம் பதைக்கும் என்று எடுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வந்து இனிப்பு வாங்கினார்கள். தெருவிளக்கு எரியத் தொடங்கியது. அங்கே விடியப்போகிற நேரம்.

அடித்தது. மச்சானின் குரல்.

"அத்தான், மாடு கிடைச்சிட்டுது."

இவ்வளவு டோர்ச் வெளிச்சத்தைக் கண்டு கள்ளர் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் மாட்டைக் கட்டிப்போட்டு விட்டு ஓடிவிட்டார்களாம். மச்சான் கண்டுபிடிக்கவில்லை. மச்சான் ஒரு வாய்க்காலுக்குள் விழுந்தாராம், இடுப்பளவு சேற்றில். எல்லாரும் சிரித்துவிட்டுத் தூக்கிவிட்டார்களாம். "விழுந்த பிறகுதான் அத்தான் அவங்கள் என்னோட கதைக்கத் தொடங்கினவங்கள்," என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பியர் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே என்னை யாரும் பார்க்கமுடியாது.

"இன்னொண்டு. எனக்கும் காவல் முறை தந்திருக்கினம். செவ்வாய்க்கிழமை."

பேப்பர்கள் சரிவந்து அவர்கள் இங்கே வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அது வரைக்கும் செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் நான் சாப்பிடப் போகவில்லை, கடையிலேயே நின்றேன். முதல் செவ்வாய்க்கிழமை தொலைபேசி அடித்தபோது முதல் மணியிலேயே எடுத்தேன். மச்சான் ஒன்றும் கதைக்கவில்லை. போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கட்டையில் ஓர் அடி. நான் மூச்சை அடக்கினேன். மெல்ல இன்னொன்று. ஆறுதலாக இன்னொன்று.

கிழவர் சீட்டுச் சுரண்டுவதை நிறுத்திவிட்டு, அது என்ன சத்தம் என்று கேட்டார். என் மச்சான் வேலை செய்கிறான் என்றேன்.