காகித டாங்கியின் மூடி

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைக்கு அருகே ஓர் ஐஸ் கம்பெனி இருந்தது. பொன்னேரி பஸ்ஸுக்காக அதன் வாசலில்தான் தினமும் நிற்பேன். அங்கே வாட்ச்மேனாக இருந்தவர் பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். ஒரு காது தீயில் சுருங்கிப் போயிருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய காலண்டர் அட்டையை வெட்டி மைதா பசையால் ஒட்டி, போரில் தாம் ஓட்டிய சின்ன ரக டாங்கியை அளவு குறைத்துச் செய்துகொண்டிருந்தார்.

சக்கரம் கோணினால்கூடக் கவலைப்பட மாட்டார். மேலே இருந்த மூடியை மட்டும் கட்டைவிரல் நகத்தால் திறந்து திறந்து மூடுவார்.

"அதையே ஏன் திறந்து பாக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூணு பேரு போனோம் சார். டிரைவருக்குத் தனி மூடி, நான் வெளிய வந்துட்டேன். அவங்களுது தொறக்கல."

ஏரிக் காற்றின் ஈரத்தில் அட்டை உப்பி, மூடி இறுகத் தொடங்கியது. "படகுக்கே மீன் எண்ணெதான பூசுறாங்க" என்று சொல்லி, அதையே டாங்கி முழுக்கப் பூசிவிட்டார். மறுநாள் அட்டை ஊறித் தொய்ந்து, மூடி உள்ளே அமுங்கிச் சிக்கிக்கொண்டிருந்தது. அவர் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "கிழிச்சுப் போட்டுட்டு வேற செய்யுங்களேன்."

"எப்டி சார் கியிக்கிறது? உள்ளார ரெண்டு பேரு கீறாங்க."

உள்ளே ஒன்றும் இல்லை. முதல் அட்டையை வெட்டியதிலிருந்து பார்த்தவன் நான். ஆனாலும் அவர் பக்கத்தில் குந்தி, மூடியின் விளிம்பில் நானும் நகத்தை நுழைத்தேன்.

பஸ் வந்து போயிற்று. மூடி அசையவில்லை.