ஏரி நடுவே ஒரு ஜெபம்

எண்பதுகளில் நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஒரு சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஹெட்மாஸ்டர், சயின்ஸ் சார், தையல் டீச்சர், நான் என நாலு பேர் பறவை பார்க்க ஏரியில் துடுப்புப் படகு எடுத்தோம். பனிமூட்டத்தில் எதிரே இருப்பவர் முகமே சரியாகத் தெரியவில்லை. பறவைக்கு எங்கே போவது? பசி வந்ததுதான் மிச்சம்.

இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஹெட்மாஸ்டர் ஜெபிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அவருடைய ஜெபமோ ஆதாம் ஏவாளில் தொடங்கிப் பக்கத்து ஊர் அட்டுவம்பட்டி வந்துதான் முடியும். எல்லோரும் கண்ணை மூடினோம். இட்லி ஆறுகிறதே என்ற எரிச்சலில் நான் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தேன்.

பனி விலகியிருந்தது. படகின் முனையில் ஒரு மீன்கொத்தி! சட்டென்று தண்ணீரில் பாய்ந்து, மீனோடு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. சொன்னால் ஜெபத்தில் கண் திறந்தவள் என்று பெயராகிவிடும். ‘ஆமென்’ என்றதும் அது பறந்துவிட்டது.

ஆளுக்கொரு இட்லியைக் கையில் எடுத்தோம்.

“அந்த நீலக் கலர்ல ஒரு சேலை இருந்தா...” என்று தையல் டீச்சர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

“நெஞ்சு மட்டும் வெள்ளைங்க,” என்றார் சயின்ஸ் சார், தன்னை மறந்து.

மூவரும் பயந்துபோய் ஹெட்மாஸ்டரைப் பார்த்தோம். அவர் நிதானமாக இட்லியைச் சட்னியில் தோய்த்தார்.

“மொதத் தடவ பாஞ்சப்ப மீன் தப்பிருச்சுங்க. அதான் ஜெபத்த இன்னுங் கொஞ்சம் இழுத்தேன்.”