மட்டப்பாவில் ஏறிய கரிசல்

என் அக்காள் புருஷன் ராமசுப்பு, கொத்தனாரையும் தச்சனையும் வீட்டு வேலைக்குக் கூப்பிட்டதே கிடையாது. சங்கரன்கோவில் பருத்திப் பேட்டையில் தரகு பார்க்கிறவர். பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்தே எந்தக் காட்டுப் பருத்தி என்று சொல்லிவிடுவார், அது நிஜம்தான். அதனால் மரமும் செங்கலும் சுண்ணாம்பும்கூடத் தனக்குத் தெரியும் என்று அவரிடம் எந்தப் புண்ணியவான் சொன்னானோ, தெரியவில்லை.

நாற்பத்தேழாம் வருஷம் அடைமழையில் வாசல்கதவு ஊதிப்போய்ச் சாத்த வரவில்லை. மழைக்கு ஊதிய மரம் வெயிலுக்குச் சுருங்கும் என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். இவர் இழைப்புளியை இரவல் வாங்கி, ஈரம் காயுமுன்னே இரண்டு விரற்கடை சீவித் தள்ளினார். பங்குனி வந்ததும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே தெருநாய் தலையை நீட்டி, என்ன சமையல் என்று பார்த்துவிட்டுப் போயிற்று. அடுத்த வருஷம் வெள்ளையடிப்பு. காலையில் நீற்றிய சுண்ணாம்பை ஊறவும் விடாமல் மத்தியானமே சுவரில் அடித்தார். அந்தப் பொங்கலுக்குப் போன சொந்தக்காரர் அத்தனை பேரும் வெள்ளை முதுகோடு ஊர் திரும்பினோம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். மட்டப்பாவில், அதாவது வீட்டு மொட்டைமாடியில், அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஐம்பதாம் வருஷம், வாசுதேவநல்லூரில் கட்டிக்கொடுத்த அவருடைய மகள் கோமதித்தாய் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு ஐப்பசியில் இங்கே வர வேண்டும். எங்கள் அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால், பார்வதி அக்காளுக்குத் தலைப்பிரசவம் புருஷன் வீட்டில்தான் நடந்தது. வலியெடுத்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ளத் தன் மனுஷி என்று ஒருத்தி இல்லை. மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதுதான் அவளுக்கு ஒரே ஆசை. ஆனால் ஆடித்தபசுக்கு வந்த சம்பந்தியம்மாள் நடு அறையில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"மேல ஒழுகுதே மதினி. பச்சப்பிள்ளையை இங்கன எப்படிப் போடுதது? இதைச் சரிபண்ணிட்டுச் சொல்லுங்க, மருமவள அனுப்புதேன்."

நல்லகண்ணு கொத்தனாரை நான்தான் கூட்டி வந்தேன். அவர் மட்டப்பாவில் ஏறி, கரண்டிக் காம்பால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். "பனங்கட்டை பழசுதான் அண்ணாச்சி, ஆனா தாங்கும். விரிசலைக் கொத்தி எடுத்துட்டு, ஊறவச்ச சுண்ணாம்பும் செங்கச்சல்லியும் போட்டு இடிக்கணும். கடுக்காத் தண்ணி தெளிச்சு இடிச்சா பதினஞ்சு நாள் வேலை."

"பதினஞ்சு நாளா? வே, கரிசக்காட்டுல மழை பெய்ஞ்சா தண்ணி கீழ எறங்குதா? மேலயேல்லா நிக்கி! அந்த மண்ணை ஒரு சாண் போட்டா ஒரு சொட்டு ஒழுகாது" என்றார் அத்தான்.

"அண்ணாச்சி, கரிசல் வெயில்ல வெடிக்கும், நனைஞ்சா கனக்கும்."

"கரிசலப் பத்தி எனக்கே சொல்லுதீரா?" என்று ராமசுப்பு சிரித்தார். கொத்தனார் கரண்டியைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

திருவேங்கடத்துப் பக்கமிருந்து நாலு வண்டிக் கரிசல் வந்து இறங்கியது. அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சுமந்தார். என் கையிலும் ஒரு கூடையைக் கொடுத்தார். தெரிந்தே நானும் சுமந்தேன். அந்த வெட்கக்கேட்டில் எனக்கும் பங்கு உண்டு.

புரட்டாசி வெயிலில் மட்டப்பா பாளம் பாளமாக வெடித்தது. ஆயுசு பூராவும் அப்படி வெடித்த காட்டைப் பார்த்த மனுஷன், இன்னும் ஒரு வண்டி மண் வாங்கி வெடிப்புகளில் திணித்தார். ஐப்பசியில் முதல் மழை புதிதாக விட்ட வெடிப்பு வழியாக நேரே நடு அறையில் ஊற்றியது. மறுநாள் மண் ஊறி உப்பி வெடிப்பு மூடிக்கொள்ள, ஒழுக்கு நின்றுவிட்டது.

"பாத்தியா மாப்ளே, கொத்தன் என்னமோ சொன்னானே!" என்று குதித்தார் அத்தான். மேலே ஒரு சாண் மண்ணும் அது குடித்த தண்ணீரும் நிற்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்தாரா? அன்றைக்கே மகளை அனுப்பச் சொல்லிக் கடிதாசி போட்டார். அக்காள் நடு அறையில் கட்டில் போட்டு, பழைய சேலைகளைத் துவைத்துக் கிழித்து அடுக்கி வைத்தாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மழை விடவில்லை. நாலாம் நாள் காலையில் நடு உத்திரம் முறிந்து, மட்டப்பா மொத்தமும் அந்தக் கட்டில்மேல் உட்கார்ந்தது. நல்லவேளை, அக்காள் அடுக்களையில் இருந்தாள். அன்று மத்தியானம் வாசுதேவநல்லூர் பஸ்ஸில் மாமியாரோடு வந்து இறங்கிய கோமதித்தாய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். சம்பந்தியம்மாள் ஒரு சொல்கூடக் குத்திப் பேசவில்லை. "வா தாயி, பஸ் திரும்புததுக்குள்ள போயிருவோம்" என்று மட்டும் சொன்னாள்.

சம்பந்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதையே கௌரவக் குறைச்சலாக நினைக்கிறவள் என் அக்காள். அவள் நாலு சேலையை ஒரு பையில் திணித்துக்கொண்டு, "மதினி, நானும் வாரேன். பிள்ளை பெறுதவரைக்கும் உங்க வீட்டு மூலையில கிடக்கேன்" என்றாள். சம்பந்தியம்மாள் அந்தப் பையைத் தானே வாங்கிக்கொண்டாள்.

சேறும் சகதியுமாக நின்ற அத்தான் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நீ போயிட்டா நான் சாப்பாட்டுக்கு என்ன செய்ய?"

"எல்லாம் நீங்களே பாத்துக்கிடுவியள்லா? சோத்தையும் பொங்கிக்கிடுங்க."

கார்த்திகையில் கோமதித்தாய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. வலியெடுத்த நேரம் பூராவும் அக்காள் அவள் கையை விடவில்லையாம். இங்கே ராமசுப்பு அத்தான் மூன்று நாள் கஞ்சியைக் கருக்கிப் பார்த்துவிட்டு, நாலாம் நாள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூலிக்கு ஒரு ஆள் வைத்தார். மட்டப்பாவுக்கு இல்லை, சமையலுக்கு.